பதினேழாம் பக்கம்

மேற்கு ரத வீதி, திண்டுக்கல்
9.1.1963

தம்பி பேச்சிமுத்துவுக்கு,

அண்ணன் சடையாண்டி எழுதுவது. ஆத்தாவுக்கு இந்த மார்கழிக் குளிரில் மூட்டுவலி கூடியிருக்கிறது; ஆனாலும் நடமாடுகிறாள். உன் மதினி பொன்னழகுக்கு ஒரு குறையுமில்லை. எனக்கென்ன, பள்ளிக்கூடம், சாக்பீஸ் தூசி, இருமல். கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நீ ஆத்தாவுக்குப் போட்ட கார்டை நான்தான் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னாள். கீழக்கரைப் பவளப்பாறை ஆய்வு முகாமில் உன்னைப் படகு எடுபிடியாக வைத்திருந்தவர்கள், இப்போது உன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக் கடலடியில் இறக்கப் பழக்கப்போகிறார்களாமே. "சின்னவன் தண்ணிக்குள்ளாறயே மூச்சு விடப்போறானாம்டி!" என்று தெருவில் போன மோர்க்காரியைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள் ஆத்தா. மோர்க்காரி மோர் ஊற்ற மறந்து போய்விட்டாள்.

சந்தோஷம். ஆனால் நீ மறந்துபோகக்கூடிய சிலவற்றை நான் மறக்கவில்லை. சென்ற அக்டோபரில், அந்த முகாமுக்கு ஆய்வு உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தது நான். விண்ணப்பம் போட்டது நான். நேர்காணலுக்கான கார்டு என் பெயருக்கு வந்தது. நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தவன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று இரண்டு நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் நீ படகுத்துறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். கயிறு அறுந்து விழுந்த நங்கூரத்தை நீ முங்கி எடுத்துக் கொடுத்தாய். ஆபீசர் உன் முதுகில் தட்டினார். நான் என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாணார்பட்டித் தோட்டத்துக் கிணற்றில் எட்டு ஆள் ஆழத்துக்கு ஒரே மூச்சில் போய், அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்தவன் யார் என்று ஊரில் கேட்டுப் பார். நான் பி.ஏ. முடித்து வந்த அன்று அய்யா சொன்னார்: "படிச்சவன் கெணத்துல குதிச்சா ஊரு சிரிக்கும்லப்பா?" அன்றோடு நிறுத்தினேன். நீ நாலாம் பாரத்தில் பெயிலானாய். உன்னை யாரும் தடுக்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். அந்தச் சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
த. சடையாண்டி, பி.ஏ., எல்.டி.


கீழக்கரை
20.1.1963

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தம்பி பேச்சிமுத்துவின் வணக்கம். நான் நல்லபடியாக இருக்கிறேன். ஆத்தாவுக்கு வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடச் சொல்லி மதினியிடம் சொல்லுங்கள். அண்ணனுக்கு இருமல் இன்னும் விடவில்லையா?

பெட்டி விஷயம் எனக்கும் மறக்கவில்லை அண்ணே. அன்றைக்கு ஈரத் துணியோடு பஸ்ஸுக்கு ஓடி வந்தேன். பஸ் போய்விட்டது.

இப்போதைக்கு முகக்கண்ணாடி மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு, இங்கே கடலுக்குள் இருக்கிற அப்பா தீவுக்குப் பக்கத்தில் முங்கினேன். பாறை என்றால் நம் மலைக்கோட்டைப் பாறைபோல மொட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டது ஒன்று, முட்டைக்கோசு மாதிரி மடல் விரித்தது ஒன்று. பூ மார்க்கெட்டில் கூடையைக் கவிழ்த்த மாதிரி மஞ்சள் மீன்கள் கொட்டுகின்றன. கை நீட்டினால் விலகுகின்றன, ஓடுவதில்லை. தண்ணீர் குளிரவே இல்லை, குளிக்க விளாவி வைத்ததுபோல இருக்கிறது. நான் பார்த்ததை எல்லாம் அண்ணன் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வீர்கள். எனக்கு 'ஆ' என்று வாயைத் திறக்கக்கூட முடியவில்லை, உப்புத் தண்ணீர் போய்விடும்.

ஒரு உதவி கேட்கவேண்டும். சிலிண்டர் கட்டுவதற்கு முன்னால் படிக்கவேண்டும் என்று இருபத்துநாலு பக்க இங்கிலீஷ் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். ஆபீசர் வங்காளத்துக்காரர். தமிழில் அவருக்கு 'வா', 'போ', 'மெதுவா' மூன்றுதான் தெரியும். என்னோடு இறங்கப்போகிற சௌகத் அலி பாய் இருபத்திரண்டு வருஷமாகச் சங்கு குளிக்கிறவர். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எவ்வளவு தெரியும் என்று அண்ணனுக்கே தெரியும். "எங்கள் அண்ணன் பி.ஏ., அவர் தமிழில் எழுதிக் கொடுப்பார்" என்று அரைகுறை இங்கிலீஷில் ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்னதற்கு மன்னிக்கவும். புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணனின் கீழ்ப்படிந்த தம்பி,
பேச்சிமுத்து


திண்டுக்கல்
3.2.1963

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வேப்பெண்ணெய்க்கு ஆத்தாவின் வலி கொஞ்சம் கேட்கிறது. "சின்னவன் சொன்னான்ல, அதான் கேக்குது" என்கிறாள். பத்து நாளாக அதே எண்ணெயைத்தான் நான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பன்னிரண்டு பக்கங்களை மொழிபெயர்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்காமல் சொல்வது உன் வழக்கம். செய்து கொடுப்பது என் வழக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. சங்கு குளிக்கிறவனுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறேன். உண்மையில் மூல நூலைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

நீ முட்டைக்கோசு என்றும் மான்கொம்பு என்றும் எழுதியவை செடிகள் அல்ல, பிராணிகள். ஒவ்வொரு கிளையிலும் பல்லாயிரம் உயிர்கள் இருக்கின்றன. இதை நான் இருபது வருஷத்துக்கு முன்பே படித்துவிட்டேன். நீ இப்போது பார்க்கிறாய். எது பெரிது என்று நான் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் உனக்காகத் தனியே எழுதுகிறேன். கிணற்றில் நாம் மேலே இழுத்த மூச்சை உள்ளே கொண்டுபோகிறோம். அடியில் அது அமுங்கும். மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் கிணற்றின் அடியிலேயே ஒரு பலூனைக் காற்றால் நிரப்பிக் கட்டி மேலே விட்டதாக வைத்துக்கொள். ஏற ஏற அது உப்பும், வழியிலேயே வெடிக்கும். சிலிண்டரிலிருந்து கடலடியில் இழுக்கும் மூச்சும் அந்தப் பலூன்தான். அதை நெஞ்சில் அடக்கிக்கொண்டு ஏறக் கூடாது, விட்டுக்கொண்டே ஏறவேண்டும். இது புத்தகத்தின் பின்பகுதியில் வருகிறது.

ஒரு விண்ணப்பம். இதைப் பிரதி எடுத்துக் கொடுப்பார்களானால் முதல் பக்கத்தில் 'தமிழாக்கம்: த. சடையாண்டி, பி.ஏ., எல்.டி.' என்று போடச் சொல். பெருமைக்காக அல்ல. யார் எழுதியது என்று தெரியவேண்டுமல்லவா?

நலமுடன் இரு.
த. சடையாண்டி, பி.ஏ., எல்.டி.


கீழக்கரை
17.2.1963

அன்பு மிகுந்த அண்ணனுக்கு,

தம்பியின் வணக்கம். முங்கி முங்கிக் காதில் கொஞ்சம் வலி, வேறொன்றுமில்லை. ஆத்தாவையும் மதினியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணன் எழுதியது வந்ததிலிருந்து இங்கே வேறு பேச்சில்லை. சௌகத் அலி பாய் சாப்பாட்டுக்குப் பிறகு விரலை வைத்து வரிவரியாகச் சத்தம்போட்டுப் படிக்கிறார். அவருக்கு நான்தான் எழுதினேன் என்று எண்ணம்! "எலே பேச்சி, கடலு தெரியாத மண்ணுமுட்டித் திண்டுக்கல்லான்னு நெனச்சேன், நீ பெரிய வாத்தியாருல்ல!" என்று முதுகில் ஒரு அடி போட்டார். முகாம் முழுக்க என்னை 'வாத்தியார்' என்று கூப்பிடுகிறார்கள். நான் இல்லை, அண்ணன்தான் என்று சொன்னால், அடக்கமாகப் பேசுகிறேன் என்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பெயர் விஷயத்தை ஆபீசரிடம் சொன்னேன். சர்க்கார் காகிதத்தில் தனி ஆள் பெயர் போடும் வழக்கமில்லை என்றார். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. இன்னொரு தடவை கேட்கிறேன்.

பின்பகுதி எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பங்குனியில் இறங்கவேண்டும், சித்திரை போனால் காற்று மாறி, கடல் கலங்கிவிடும்.

தங்கள் தம்பி,
பேச்சிமுத்து


திண்டுக்கல்
2.3.1963

பேச்சிமுத்துவுக்கு,

இங்கே யாவரும் சுகம். காதில் வலித்தால் சொட்டு மருந்து போடு.

வெள்ளிக்கிழமைப் பேப்பரில் உன் படம் வந்திருந்தது. முகக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு கையில் பவளக்கிளை, பல்லெல்லாம் தெரிகிறது. ஆத்தா அதைக் கத்தரித்துச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள். பசைக்குச் சோற்றுப் பருக்கை போதவில்லை என்று என் தட்டிலிருந்து எடுத்தாள். படத்தைப் பார்த்துவிட்டுச் சேவுகம்பட்டியிலிருந்து உனக்கு ஒரு ஜாதகமும் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான். "ஏன் சார், நீங்க அந்தப் பேச்சிமுத்துவோட அண்ணனாமே? சொல்லவே இல்லையே!" என்றார்.

பின் பன்னிரண்டு பக்கங்களும் இத்துடன் இருக்கின்றன. பெயர் போடவேண்டாம். இனிமேல் கேட்கவும் வேண்டாம். வாத்தியார் பட்டத்தை நீயே வைத்துக்கொள்.

த. சடையாண்டி, பி.ஏ., எல்.டி.


கீழக்கரை
11.3.1963

பாசமுள்ள அண்ணனுக்கு,

வணக்கம். காது சரியாகிவிட்டது. அண்ணனின் இருமல் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். என் பேரில் தப்புதான். அந்தச் சிரிப்பை நான் எழுதியிருக்கக் கூடாது. பிரதி எடுக்கிற ஸ்டென்சிலை நான்தான் உட்கார்ந்து எழுதினேன். முதல் பக்கத்தில் அண்ணன் பெயரை, பி.ஏ., எல்.டி. எல்லாம் சேர்த்து, கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். ஆபீசர் பார்த்தார், தலையை ஆட்டினார், 'மெதுவா' என்றார். அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார். ஒரு பிரதி தனியே அனுப்புகிறேன். "சடையாண்டியா? பேரே மெரட்டுதே" என்றார் சௌகத் அலி பாய்.

ஒரு சந்தேகம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆபீசரிடம் இருக்கிற இன்னொரு இங்கிலீஷ் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில், மேலே ஏறிவருவதைப் பற்றி இங்கிலீஷில் ஏழு வரி இருக்கிறது. தமிழில் இரண்டு வரிதான் இருக்கிறது: மெதுவாக வரவேண்டும், தலைக்கு மேலே படகு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷில் 'நெவர்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் சொற்களில் அது ஒன்று. தமிழில் 'கூடாது' என்று ஒரு இடத்திலும் காணோம். ஏதாவது விட்டுப்போயிற்றா அண்ணே?

தங்கள் தம்பி,
பேச்சிமுத்து


திண்டுக்கல்
16.3.1963

பேச்சிமுத்துவுக்கு,

இங்கே சுகம். பரீட்சைக் காலம், நீளமாக எழுத நேரமில்லை.

இங்கிலீஷ்காரன் ஒன்றையே மூன்று விதமாகச் சொல்வான். தமிழில் சுருங்கத்தான் செய்யும். மொழிபெயர்ப்பு என்பது வரிகளை எண்ணுகிற வேலை அல்ல. நாலாம் பாரம் தேறாதவன் எனக்கு 'நெவர்' சொல்லிக் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. வரட்டும்.

ஒன்றும் விட்டுப்போகவில்லை.

த. சடையாண்டி, பி.ஏ., எல்.டி.


திண்டுக்கல்
27.3.1963

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. பத்து நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆத்தா தபால்காரனைத் தினமும் வழிமறிக்கிறாள். உடம்புக்கு ஏதும் இல்லையே?

நீ அனுப்பிய பிரதி வந்தது. பெயர் தெளிவாகத்தான் இருக்கிறது. இதை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? சிலிண்டர் கட்டி இறங்கிவிட்டீர்களா, அல்லது இன்னும் நாள் இருக்கிறதா? இறங்குவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது.

சடையாண்டி


திண்டுக்கல்
3.4.1963

தம்பி பேச்சிமுத்துவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா? உடனே பதில் போடு.

பதினேழாம் பக்கத்தில் சில வரிகள் பிரதி செய்யும்போது தவறியிருக்கக் காண்கிறேன். கீழ்க்கண்டதைப் பெரிய எழுத்தில் எழுதி எல்லோரிடமும் கொடு:

"மேலே ஏறும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. ஏறி முடிக்கும்வரை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே மூச்சில் முங்கிப் பழகியவர்கள் தம்மையறியாமல் தம் கட்டுவார்கள். இந்த ஆபத்து அவர்களுக்கே அதிகம். அடக்கினால் நுரையீரல் கிழியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒருபோதும் ஏறாதே."

கையில் கிடைத்த நிமிடமே செய். தாமதிக்காதே.

அண்ணன்


ராமநாதபுரம்
14.4.1963

அண்ணன் அவர்களுக்கு,

தம்பியின் வணக்கம். வருஷப் பிறப்புக்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பீர்கள். நான் சுகம். கடிதம் போடாததற்குக் காரணம் சொல்கிறேன். போன மாதம் பதினாறாம் தேதி அண்ணன் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அதுதான் சும்மா இருந்துவிட்டேன்.

நாலாம் தேதி காலையில் இறங்கினோம். அண்ணன் எழுதிய அந்த வரிகள் ஆறாம் தேதி வந்தன.

நானும் சௌகத் அலி பாயும் ஏழு பாகம், அதாவது நாற்பதடிக்கு மேல் ஆழத்தில் இருந்தோம். ஏறச் சொல்லிக் கயிற்றை ஆட்டினார்கள். அண்ணன் முன்பு எனக்குத் தனியாக எழுதிய பலூன் ஞாபகம் வந்தது. நான் ஊதிக்கொண்டே ஏறினேன். பாய் பழக்கதோஷத்தில் தம் கட்டி, காலை ஒரே உதை உதைத்து ஏறிவிட்டார். படகு விளிம்பைப் பிடித்தவர் "யா அல்லா" என்றார். அப்புறம் வாயில் ரத்த நுரை. உயிருக்குப் பயமில்லை என்று இங்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இடது கை விழுந்துவிட்டது. இனிமேல் கடலில் இறங்கக் கூடாதாம்.

முந்தின நாள் படகில் அவரிடம் பலூனைப் பற்றிச் சொன்னேன் அண்ணே. "இது பொஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டார். "இல்ல பாய், அண்ணன் எனக்கு எழுதினாக" என்றேன். "பொஸ்தகத்துல இல்லாதத நீ ஏன்டா சேக்குறே, உங்கண்ணனுக்குத் தெரியாததா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆபீசரிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அண்ணனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

விசாரணையில், ஸ்டென்சில் எழுதும்போது ஐந்து வரியை நான்தான் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருபதாம் தேதி கணக்கு முடித்து அனுப்புவார்கள். ஆத்தாவிடம் கடல் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

ஒரு நல்ல சேதி. முகாமில் எல்லோரும் சொல்லிக் கேட்டு, ஆபீசருக்கு அண்ணனின் எழுத்து பற்றிப் பெரிய அபிப்பிராயம் இருக்கிறது. பவளப்பாறையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு புத்தகம் எழுத அண்ணனை மே மாதம் அழைக்கப்போகிறார். எழுதுகிறவர் பார்க்காமல் எழுத முடியாது, நானே கூட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கிக் காட்டுகிறேன் என்றார். வயதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவசியம் வாருங்கள் அண்ணே. அப்பா தீவுக்குத் தென்புறம் பாருங்கள். அங்கேதான் நிறைய இருக்கிறது.

தங்கள் தம்பி,
பேச்சிமுத்து


திண்டுக்கல்
17.4.1963

பேச்சிமுத்து,

ஆத்தாவும் பொன்னழகும் சுகம். எனக்கு உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கமில்லை. அதை நோய் என்று சொல்லமுடியாது.

ஆபீசரின் அழைப்பு நேற்று வந்தது. நான்கு தடவை படித்தேன். என் பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் 'அறிஞர்' என்று போட்டிருந்தார். ஒரு மணிநேரம், பொய்யில்லை, முழுதாக ஒரு மணிநேரம் நான் போவதாகவே இருந்தேன். எந்தச் சட்டையை எடுத்துப்போவது என்றுகூட யோசித்தேன்.

பிறகு அவருக்கு இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி, காலையில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அந்த ஐந்து வரிகளையும் நான் படித்தேன், எனக்குப் புரிந்தது, வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன் என்று எழுதியிருக்கிறேன். நீ ஸ்டென்சிலில் ஒரு எழுத்தையும் விடவில்லை என்றும், என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் தெரியும் என்றும் எழுதியிருக்கிறேன்.

உனக்குச் சொல்லவேண்டியது வேறு. அன்று மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் பேனா நின்றது. உள்ளே ஆத்தா உன் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன்தான் கிணற்றிலேயே கிடந்தவனாயிற்றே, எல்லாம் தெரிந்தவனாயிற்றே, கொஞ்சம் திணறட்டும் என்று நினைத்தேன். நீ சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சௌகத் அலி என்ற ஒரு மனிதர் அதை விரல் வைத்துப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும், நீதான் எழுதியிருந்தாயே. அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தவர்.

நீ 'நெவர்' என்று கேட்டபோதாவது எழுதியிருக்கலாம். கேட்டது நீ என்பதால் எழுதவில்லை. மூன்றாம் தேதி தந்தி அடித்திருக்கலாம். தபாலாபீஸுக்குப் போனேன். தந்திப் படிவத்தை வாங்குகிற குமாஸ்தா என் பழைய மாணவன். அவன் எதிரில் என் தப்பை எழுதி நீட்டக் கூச்சமாக இருந்தது. கடிதமாக எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தந்தி அன்று மாலையே உன் கைக்கு வந்திருக்கும்.

எல்லாம் தெரிந்துதான் நீ பழியை ஏற்றிருக்கிறாய். உன் கடிதத்தில் ஒரு இடத்திலும் ஏன் என்று கேட்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு நன்றி தோன்றவில்லை, பேச்சிமுத்து. ஆத்திரம்தான் வந்தது. வேலையை எடுத்துக்கொண்டாய், கடலை எடுத்துக்கொண்டாய், ஆத்தாவை எப்போதோ எடுத்துக்கொண்டாய். நான் செய்த தப்பையும் உனக்குக் கொடுத்துவிட்டு, உன் பெருந்தன்மைக்குப் பக்கத்தில் அறிஞராக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இது என்னுடையது. இதில் உனக்குப் பங்கில்லை.

கட்டிய பெட்டியை அவிழ்த்து வை. இருபதாம் தேதி காலை ராமநாதபுரம் வருகிறேன். சௌகத் அலி எந்த வார்டு என்று நானே விசாரித்துக்கொள்கிறேன். அவரிடம் நான் தனியாகப் பேசவேண்டும். நீ ஆஸ்பத்திரிக்கு வராதே. வந்தால் எனக்கு முன்னால் வாயைத் திறந்துவிடுவாய்.

சடையாண்டி